வண்டி தூங்கும்வரை

என் கணவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது பார்த்தால், வேலை செய்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏதாவது ஒரு காரின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கை இரண்டும் மடியில் கிடக்கும். கண் பாதி மூடியிருக்கும். தெருவில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவரிடம் சொல்லமாட்டார்கள், என்னிடம்தான் சொல்வார்கள். "தூங்குமூஞ்சி இருக்காராம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்த ஒருவரிடம், "இருக்கார், முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். உங்களை உங்க தெருவுல என்னன்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டேன். அந்த ஆள் அப்புறம் வரவில்லை. போகட்டும்.

அவர் கார் எலெக்ட்ரீஷியன். அதிலும் ஒரே ஒரு நோய்க்குப் பேர் போனவர். நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கிப்போகும், அந்த நோய்க்கு. சாயந்திரம் நன்றாக ஓட்டி வந்து நிறுத்தியிருப்பார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். உள்ளே ஏதோ ஒன்று யாருக்கும் தெரியாமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இவர் எதையும் பிடுங்கமாட்டார். உட்காருவார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான், எனக்குத் தெரிந்து, அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு. இந்தக் காலத்து வண்டியைப் பூட்டிவிட்டால் மட்டும் அது தூங்கிவிடாதாம். உள்ளே இருக்கிற சின்னச் சின்னக் கறுப்புப் பெட்டிகள் எல்லாம் கொஞ்ச நேரம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் ஒவ்வொன்றாக அடங்குமாம். அதற்குள் ஒரு கதவைத் திறந்தாலும், ஒரு ஃபியூஸைப் பிடுங்கினாலும், சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாலும் அத்தனையும் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொள்ளும். விழித்திருக்கிற வண்டியை அளந்தால் எல்லா வண்டியும் கரண்டு திருடுகிற வண்டியாகத்தான் தெரியும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

இதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டார். பல் டாக்டர் ஒருவருடைய வண்டி. முதல் தடவை ரேடியோவை மாற்றினார். இரண்டாம் தடவை அலாரத்தை மாற்றினார். மூன்றாம் தடவை, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரையே கழற்றி மாற்றினார். நான்காம் தடவை அந்த டாக்டர் வந்து, நாலு பேர் பார்க்க, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க, நானும் எத்தனை தடவைதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் கருவி எதையும் தொடாமல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கரண்டை அளக்க மாட்டியிருந்த மீட்டரைக் கழற்றவும் மனம் இல்லை. நாற்பது நிமிஷம் கழித்து, யாரும் ஒன்றும் செய்யாமலே, மீட்டரில் எண் தானாக இறங்கியது. வீட்டுக்கு வந்து, "நாம அதைத் தூங்கவே விடல" என்றார். நான் எங்கள் மகளைச் சொல்கிறார் என்று நினைத்து, "நான் என்ன பண்ணட்டும், பல்லு முளைக்குது, அழறா" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் சட்டம் இதுதான். வண்டி வந்ததும் பேனட்டைத் திறப்பார். பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிட்டு, மூடியிருக்கிறது என்று வண்டியை நம்பவைப்பார். வாயைத் திறந்து ஒயரைக் கவ்விக்கொள்கிற மீட்டர் ஒன்றைப் பேட்டரி ஒயரில் மாட்டுவார். சாவி என் மேஜைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் வண்டிப் பக்கம் போகக்கூடாது, தட்டக்கூடாது, சாயக்கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீடு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிற வேலை என்னுடையது. "என்னம்மா, ஒரு மணி நேரமா உக்காந்தே இருக்கார்?" என்பார்கள். எதிர்வரிசையில் இருக்கிற பேட்டரிக் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் புதுப் பேட்டரி மாட்டி அனுப்பிவிடுவார். அதே வண்டி ஒரு மாதத்தில் மறுபடி அவரிடமே போகும், அவர் மறுபடி மாட்டுவார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமியில் எங்களுக்கு மூன்று கார் நிற்கிற தகர ஷெட் கிடைத்தது.

தபாலம்மா வந்தது ஒரு வியாழக்கிழமை. எழுபது வயது தாண்டியிருக்கும். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தியவர். கணவர் இல்லை. ஒரே மகன், வேறு ஊரில், ஒரு மணி நேரப் பயணம். சின்ன வெள்ளைக் கார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தாராம், இந்தம்மா அதை அணைக்காமல் நேராக இங்கே ஓட்டி வந்துவிட்டார். மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது என்றார். எங்கே மாற்றினார் என்று நான் கேட்கவில்லை. எதிர்வரிசையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

வழக்கம்போல, "சரி பண்ணிடலாம்மா" என்றேன்.

"சரி பண்ண வரலம்மா" என்றார். "கோளாறு வண்டியிலயா, எனக்கான்னு பாத்துச் சொல்லணும். அது போதும்."

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். தினமும் ஒரு வரி. 'மாலை 6.40. ஹெட்லைட் அணைத்தேன். உள்லைட் அணைத்தேன். கதவு நான்கும் பார்த்தேன்.' கீழே கையெழுத்து. தபால் ஆபீஸ் பழக்கம்.

"லைட்டை அணைக்க நான் மறந்துடறேன்னு பையன் சொல்றான். ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா வண்டியில கோளாறு, எட்டுத் தடவைன்னா உனக்கு ஞாபகம் போகுதும்மான்னு சொல்றான். வர ஞாயித்துக்கிழமை வண்டியை வாங்கறவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நான் அவன்கூடப் போய் இருக்கணும். தனியா இருக்க விடமாட்டானாம்."

"அதான் எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே!"

"எழுதினேன். இப்ப, அணைக்காமலே அணைச்சேன்னு எழுதிடறேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அதற்கு வேலை கொடுக்காமல் சாவியை வாங்கிக்கொண்டு, ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

பத்து மணிக்கு என் கணவர் மீட்டரை மாட்டினார். பத்தே முக்காலுக்கு வண்டி தூங்கிவிட்டது. மீட்டரில் இருபத்தெட்டு மில்லி ஆம்பியர். அது ஆரோக்கியமான வண்டிக்கு உள்ள அளவு. அந்தக் கணக்கில் ஒரு மாதம் நிறுத்திவைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். பதினொன்றுக்கும் இருபத்தெட்டு. பன்னிரண்டுக்கும் இருபத்தெட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வண்டியில் கோளாறு இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

தபாலம்மா எழுந்து வந்து, தள்ளி நின்று மெதுவாகக் கேட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கா?"

பொய் சொல்லுங்க என்று என் கணவருக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என் ஜாடையைப் புரிந்துகொண்டதாக வரலாறே இல்லை.

"இதுவரைக்கும் நல்லா இருக்கும்மா" என்றார்.

"அப்ப நான்தான்" என்றார் தபாலம்மா. நாற்காலியில் போய் உட்கார்ந்து, நோட்டைப் பையில் வைத்து, பையின் ஜிப்பை மூடினார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும்.

"என்னங்க, மனுஷங்களா நாம?" என்று அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன், தாழ்ந்த குரலில், வண்டி எழுந்துவிடக் கூடாதே என்று. "ரெண்டு மணி நேரத்துல தீர்ப்பு சொல்லிட்டீங்க!"

"தீர்ப்பு சொல்லல. இதுவரைக்கும்னுதான் சொன்னேன். நான் எழுந்திருக்கலையே" என்றார். உண்மைதான், ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டையும் ஸ்டூலிலேயே வைத்துச் சாப்பிட்டார்.

ஒன்று பத்துக்கு மீட்டர் குதித்தது. இருபத்தெட்டு மில்லி இருந்த இடத்தில் மூன்றரை ஆம்பியர், நூறு மடங்குக்கு மேலே. யாரும் வண்டியைத் தொடவில்லை. அவர் கண்ணை முழுவதும் திறந்தார். அதுவே பெரிய விஷயம். சாப்பாட்டுப் பொட்டலக் காகிதத்தின் ஓரத்தில் நேரத்தை எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் தபாலம்மாவின் போன் அடித்தது. மகன். குரல் எனக்கே கேட்டது. "எங்கம்மா இருக்கே?"

"வீட்லதான்டா. சாப்பிட்டேன்" என்றார் தபாலம்மா.

மகன் விடவில்லை. "வீட்லயா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எங்க இருக்கே?"

"வீட்லதான்னு சொல்றேன்ல" என்று வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, "மெக்கானிக்கிட்ட வந்திருக்கேன்னா அதுக்கும் பத்துக் கேள்வி கேப்பான்" என்றார்.

வண்டி அடங்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஒன்று நாற்பதுக்கு மறுபடி குதித்தது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி போன். "எங்கம்மா இருக்கே?" "வீட்லடா." இரண்டு இருபதுக்கு மீட்டர். இரண்டு இருபத்தொன்றுக்குப் போன். மூன்றாம் தடவை நான் எழுந்து போனேன்.

"என்னங்க, உங்க மீட்டர் ஏறினதும் அந்தம்மாவுக்கு போன் வருது."

"வண்டிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்கென்ன தெரியும், நீங்கதானே எலெக்ட்ரீஷியன். எங்க இருக்கே, எங்க இருக்கேன்னு கேக்கறான். வீட்லன்னு சொன்னா நம்பமாட்டேங்கறான். ஒரு மணி நேரப் பயணத்துல இருக்கிறவனுக்கு, அம்மா வீட்டுல இல்லன்னு எப்படிங்க தெரியுது?"

அவர் ஸ்டூலைவிட்டு எழுந்தார். வண்டியின் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டார். எல்லா வண்டியிலும் அங்கே ஒரு சாக்கெட் இருக்கும், மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் ஸ்கேனரைச் செருகுகிற இடம். ஸ்கேனர் செருகினால் வண்டி விழித்துக்கொள்ளும் என்று இவர் அந்தப் பக்கமே போவதில்லை. வேறு எவனாக இருந்தாலும் முதல் நிமிஷமே குனிந்து பார்த்திருப்பான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி அதில் செருகியிருந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று போனுக்குச் சொல்கிற டிராக்கர்.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க" என்றேன்.

மகன் போனில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி மொத்த வண்டியையும் தட்டி எழுப்புகிறது. எழுந்த வண்டி அடங்க இருபத்தைந்து நிமிஷம். அவன் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பார்த்தால் இரண்டு மூன்று நாளில் பேட்டரி காலி. பேட்டரி காலியானால் அம்மாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று பயம். பயம் வந்தால் இன்னும் பத்துத் தடவை பார்ப்பான். காலையில் ஆபீசில் ஏதோ கூட்டம் இருந்திருக்கிறது, பார்க்கவில்லை, வண்டி குழந்தை மாதிரி தூங்கியது. சாப்பாட்டு வேளையில் பார்த்திருக்கிறான். அம்மா வீட்டில் இருக்கிறேன் என்கிறார், வண்டி எங்கோ ஒரு ஷெட்டில் நிற்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

தபாலம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அப்ப நான் அணைச்சிருக்கேன்" என்றார். அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

பெட்டியைப் பிடுங்கிப் போடுங்கள் என்றேன். இவர் கேட்கவில்லை. "இருக்கட்டும். தூங்கட்டும்" என்று கதவை மூடி, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றே முக்காலுக்கு மகன் வந்தான். ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தான். நாற்பத்தைந்து வயசு இருக்கும், சட்டையெல்லாம் வேர்வை. இன்ஷூரன்ஸ் ஆபீசில், வருகிற கோரிக்கைகள் உண்மையா பொய்யா என்று பார்க்கிற வேலை. எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

"அம்மா! வீட்ல இருக்கேன்னியே! இது வீடா? சொல்லும்மா, இது எந்த இடம்னு தெரியுதா உனக்கு?"

என் கணவர் உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாதீங்க. வண்டி தூங்குது."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தக் கூட்டத்தில் ஞாபகம் போனது யாருக்கு என்று அவனுக்குக் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

"தம்பி, உங்க போன்ல வண்டி எங்க இருக்குன்னு பாருங்க" என்றார் இவர்.

"என் கண்ணு முன்னாடி இருக்கு. அதை எதுக்குப் போன்ல பாக்கணும்?"

"பாருங்க."

பார்த்தான். மீட்டர் இருபத்தெட்டிலிருந்து மூன்றரை ஆம்பியருக்குக் குதித்தது. இன்ஷூரன்ஸ் மூளை, சட்டென்று பிடித்துக்கொண்டது. "ஒரு தடவை நடந்தா தற்செயலா இருக்கலாமே" என்றான், குரலே இல்லாமல்.

"இருக்கலாம்" என்று இவர் ஒத்துக்கொண்டார். "அடங்கட்டும். இன்னொரு தடவை பாத்துடுவோம்."

அடங்க இருபத்தைந்து நிமிஷம். மகன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார வேறு இடமும் இல்லை. சண்டை போட வழி இல்லை, சத்தம் கூடாது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன்.

"மூணு மாசம் முன்னாடி ஒருநாள் நாலு மணி நேரம் நீ போனை எடுக்கலம்மா. பயந்துட்டேன். அதுக்கப்புறம்தான் அந்தப் பெட்டியை மாட்டினேன்."

"சினிமாவுக்குப் போயிருந்தேன்டா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு படம் பாக்கறதுக்குமா உன்கிட்ட சொல்லணும்?"

அப்புறம் தபாலம்மா, வண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு மாசமா காலையில எழுந்ததும் கண்ணாடி முன்னால நின்னு என் பேரு, உன் பேரு, தேதி, கிழமை எல்லாம் சொல்லிப் பாத்துக்கறேன். சரியா சொல்றேனான்னு எனக்கு எப்படித் தெரியும்? தப்பா சொன்னா கண்ணாடியா திருத்தும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன்டா. நீ என் பையன்னு நம்பினேன். நல்லா இருக்கற மூளையை எடுத்து, கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு என் கையிலயே குடுத்துட்டியே."

அவன் அழுதான். சத்தம் வராமல் அழுதான். தபாலம்மா அவன் முதுகில் கை வைக்கவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

நாலே கால் தாண்டியதும் மீட்டர் இருபத்தெட்டுக்கு வந்தது. "இப்ப பாருங்க தம்பி" என்றார் இவர். "வேண்டாம்ங்க" என்றான் அவன். "எனக்கு வேணும்" என்றார் தபாலம்மா, முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. பார்த்தான். குதித்தது. தபாலம்மா எழுந்து மீட்டருக்குப் பக்கத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த எண்ணை ஒரு நிமிஷம் முழுவதும் நின்று பார்த்தார்.

இவர் குனிந்து பெட்டியைப் பிடுங்கினார். யாரிடம் கொடுப்பது என்று யோசித்து தபாலம்மாவிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்காமலே வாங்கி மகனிடம் தள்ளினார். "வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் இவர். கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். ஒரே நாளில் இத்தனை பேச்சு அவருக்கு அதிகம்.

நான் சாவியைக் கொண்டுபோனேன். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, நான் ஓட்டறேன்" என்று கையை நீட்டினான். கெட்ட எண்ணத்தில் நீட்டவில்லை, பழக்கம். நீட்டின பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே நின்றான். நான் சாவியை விடவில்லை.

தபாலம்மா என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மகன் சுற்றிக்கொண்டு போய் முன்பக்கக் கதவில் கை வைத்தான்.

"பின்னாடி" என்றார் தபாலம்மா.

நாற்பத்தைந்து வயசு ஆள், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். எங்கள் சந்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு என் கணவருக்கே மூன்று தடவை முன்னும் பின்னும் போகவேண்டும். அந்தம்மா ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போனார்.